மாப்ளே, மேஸ்திரி கேட்டால் உடனே தலையாட்டாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் வீட்டு பிளானும் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. முழங்கால் வலி பரவாயில்லை. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், அவள் பின்னால் ஓடுவதே எனக்கு வைத்தியம் என்று இங்கே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

சரி, உன் விஷயம். ஒட்டன்சத்திரம் பக்கம் பழைய ஓட்டு வீட்டோடு 30 சென்ட் வாங்கியாயிற்று, இப்போது வீட்டை இடிப்பதா பழுது பார்ப்பதா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை, அதை உன் மாமனார் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார். சிரித்ததற்குக் காரணம், இதே கேள்வியோடு 1948-ல் ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட் ஒரு படம் முழுக்க அல்லாடியிருக்கிறார். 'மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் டிரீம் ஹவுஸ்' என்று பெயர், கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்தான். போன வாரம் மறுபடி பார்த்தேன். வேலை ஆரம்பிக்கும் முன் நீயும் தங்கச்சியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பிளாண்டிங்ஸ் நியூயார்க்கில் விளம்பர கம்பெனி ஆள், மனைவி, இரண்டு பெண்கள், வீட்டு வேலைக்கு ஒரு அம்மாள். அத்தனை பேரும் ஒரு சின்ன அபார்ட்மென்டில். அலமாரியைத் திறந்தால் சாமான் தலையில் விழுகிறது, காலையில் குளியலறைக் கண்ணாடிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொள்கிறார்கள். ஒருநாள் கனெக்டிகட் கிராமப்புறத்தில் ஒரு பழைய வீட்டைப் பார்த்து மயங்கி, வக்கீல் நண்பன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் இன்ஜினீயரைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு இடித்துவிடுங்கள் என்கிறார். அந்த பதில் பிடிக்காமல் இன்னொருவரைக் கூப்பிட, அவரும் அதையே சொல்கிறார். கடைசியில் இடிக்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அந்த இடத்தின்மேல் அடமானம் இருக்கிறது, கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் இடிக்கக் கூடாதாம். பணத்தைக் கீழே வை என்று நிற்கிறார்கள். மாப்ளே, வில்லங்கச் சான்று எடுத்துவிட்டாய்தானே? ஒருமுறை தாய்ப் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டிவிடு.

கிணறு விஷயம் இதைவிட அழகு. கிணறு தோண்டுகிறவர் 200 அடிக்கு மேல் போய்விட்டார், சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே நிலவறைக்குக் குழி வெட்டுகிறார்கள், 6 அடியில் ஊற்று பொத்துக்கொண்டு வருகிறது. அங்கே ஏன் வரவில்லை, இங்கே ஏன் வருகிறது என்று கேட்டால் அவர் அலட்டிக்கொள்ளாமல் 'அப்படித்தான் தெரிகிறது' என்கிற மாதிரி பதில் சொல்கிறார். நம்மூர் போர்வெல் வண்டிக்காரர்கள் முகம் அப்படியே.

ஆனால் நான் எழுத வந்தது இதையெல்லாம் இல்லை. அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது, ஒரு நிமிடம்கூட வராது. பாதி எழும்பிய வீட்டுக்குள் பிளாண்டிங்ஸ் முதலாளித் தோரணையில் நடந்து வருகிறார். மேலேயிருந்து ஒரு தச்சர், மாடி லிண்டல்களைப் பற்றி, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்குகிற உத்தரங்களைப் பற்றி, ஏதோ கேட்கிறார், கேள்வி முழுக்கத் தொழில் வார்த்தை, இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவில் வருகிற லிண்டலில் காடி எடுக்கணுமா வேண்டாமா என்கிற மாதிரி. பிளாண்டிங்ஸுக்கு ஓர் அட்சரம் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். கொஞ்சம் யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்கிறார். 'வேண்டாம்' என்றால் செலவு மிச்சம் என்று நினைப்பு. தச்சர் உடனே உள்ளே திரும்பி, போட்டதையெல்லாம் பிடுங்கிப் போடுங்கடா என்று கத்துகிறார், மரம் உடைகிற சத்தம் தடதடவென்று கேட்கிறது. கேரி கிராண்டின் முகத்தைப் பார்க்கணும் நீ.

நான் 2009-ல் திருச்சியில் கட்டினபோது எனக்கும் லிண்டலில்தான் நடந்தது, நம்புவாயா? சுவர் ஏழடிக்கு வந்தாயிற்று. மேஸ்திரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, 'சார், லிண்டல் ரன்னிங்கா, கட்டா?' என்றார். சித்தாள் இரண்டு பேர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். ரன்னிங் என்றால் எல்லாச் சுவர் மேலும் சுற்றி கான்கிரீட் பட்டை ஓடும், கட் என்றால் கதவு ஜன்னலுக்கு மேலே மட்டும், இரண்டு பக்கமும் கொஞ்சம் சுவரில் உட்காரும்படி போடுவது. இது இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் நான், ரொம்ப நாளாக லிண்டலோடு பழகினவன் மாதிரி, 'கட்டே போதும் மேஸ்திரி' என்றேன். மூன்று நாள் கழித்து இன்ஜினீயர் வந்தார், அதற்குள் மேலே இரண்டு வரி செங்கல் ஏறிவிட்டது. கட் போடச் சொன்னது யார், பிரித்துவிட்டு ரன்னிங் போடுங்கள் என்றார். மேஸ்திரி பாவம், என்னைக் காட்டிக்கொடுக்காமல் மேலே வானத்தைப் பார்த்தார். பிரித்த செங்கலில் பாதி ஜல்லியாகத்தான் போயிற்று.

அதனால்தான் இந்தப் படத்தைப் பற்றிப் பலரும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு கட்டுகிற அப்பாவியை எல்லோரும் சேர்ந்து மொட்டையடிக்கிற கதை என்பார்கள். நிலத்தை விற்றவர் விலையைக் கூட்டித் தலையில் கட்டினார், அது உண்மை. அதற்குப் பிறகு பார், யாரும் பிளாண்டிங்ஸை ஏமாற்றவே இல்லை. கேட்டதைச் செய்கிறார்கள், செய்ததற்குப் பில் போடுகிறார்கள். மனைவி முரியல் செய்வதும் அதேதான். மிச்சமாகக் கிடந்த நாலைந்து பலகைக் கல்லைப் பார்க்கிறாள், பூங்கொத்து வைக்கிற சின்ன அறையின் தரையில் இதைப் பதித்தால் நன்றாக இருக்குமே என்று வீடு கட்டுகிறவரிடம் போகிறபோக்கில் சொல்கிறாள். கட்டடக் கலைஞர் கொண்டு வரும் கணக்கில் அதற்கு மட்டும் 1,247 டாலர். கல் சும்மா கிடந்ததுதான், ஆனால் அதை உட்கார வைக்க ஏற்கெனவே போட்ட மரத்தரையைப் பிடுங்கணும், கீழே உள்ள உத்தரத்தைச் செதுக்கணும், சிமென்ட் படுக்கை போடணும், தண்ணீர்க் குழாயை, மின்சார ஒயரை எல்லாம் நகர்த்தணும். தரை போட்ட பிறகு சொன்ன ஒரு வாய்ச்சொல்லின் விலை அது.

முரியலாக நடிப்பது மிர்னா லாய். அவர் பெயின்டரிடம் கலர் சொல்லும் இடம் ஒன்று போதும். ஹாலுக்கு மெல்லிய பச்சை, ஆனால் ராபின் குருவி முட்டை அளவுக்கு நீலம் கலக்கக் கூடாது, டாஃபோடில் பூ மொட்டு அளவுக்கு மஞ்சளும் கலக்கக் கூடாது. சாப்பாட்டு அறைக்கு மஞ்சள், கடையில் நல்ல வெண்ணெய் ஒரு பவுண்டு வாங்கி அதோடு ஒப்பிட்டுக்கொண்டால் தப்பாது. இன்னொரு அறைக்கு நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதைத் தொலைத்துவிடாதீர்கள் என்கிறார். சமையலறைக்கு வெள்ளை, ஆனால் ஆஸ்பத்திரி வெள்ளை இல்லை. பெயின்டர் அவ்வளவு பணிவாகக் கேட்டுக்கொள்கிறார். அந்த அம்மாள் அந்தப் பக்கம் போனதும் கூட்டாளியிடம், குறித்துக்கொண்டாயா சார்லி என்கிறார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என்கிறான் சார்லி. நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததில் பேத்தி எழுந்துவிட்டாள்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று நினைக்காதே. நடுவில் மனைவிமேலும் வக்கீல் நண்பன்மேலும் பிளாண்டிங்ஸ் சந்தேகப்படுகிற பகுதி வெறும் இழுவை, வக்கீலாக வரும் மெல்வின் டக்ளஸின் வறட்டு நக்கலுக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன். இன்னொன்று உறுத்தியது. 'வாம்' என்ற ஹாம், அதாவது பன்றி இறைச்சிக்கு விளம்பர வாசகம் கிடைக்காமல் பிளாண்டிங்ஸின் வேலை போகிற நிலைமை. ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறார். வீட்டில் சமைக்கிற கஸி, பரிமாறிக்கொண்டே, வாம் சாப்பிடவில்லை என்றால் நீங்கள் ஹாமே சாப்பிடவில்லை என்று சாதாரணமாகச் சொல்கிறாள். அந்த வாசகம் இவர் வேலையைக் காப்பாற்றுகிறது. கஸிக்குக் கிடைப்பது 10 டாலர் சம்பள உயர்வு. கஸியாக நடித்த லூயிஸ் பீவர்ஸ் கறுப்பின நடிகை, நல்ல நடிகை, அந்தக் காலத்து ஹாலிவுட் அவருக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேஷம்தான் கொடுத்தது. படம் அதைச் சிரிப்பாக முடிக்கிறது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் கற்பனை என்று நினைக்காதே. மூலக்கதை எழுதிய எரிக் ஹாட்ஜின்ஸ் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், கனெக்டிகட்டில் நியூ மில்ஃபோர்டில் சொந்தமாக வீடு கட்டினார். 11,000 டாலர் என்று போட்ட மதிப்பீடு 56,000 டாலரில் போய் நின்றது, கடைசியில் வீட்டையே விற்கும்படி ஆயிற்று. அந்த எரிச்சலில் எழுதினதுதான் 1946-ல் வந்த நாவல். உலகப்போர் முடிந்து அமெரிக்காவில் வீடில்லாமல் ஜனம் அலைந்த நேரம், அதனால் படத்துக்கும் நல்ல வரவேற்பு. விளம்பரத்துக்காக நாடு முழுக்க இதே மாதிரி 73 வீடுகள் கட்டி, சிலவற்றைக் குலுக்கலில்கூடக் கொடுத்தார்கள். படப்பிடிப்புக்குக் கட்டிய வீடு இருப்பது கனெக்டிகட்டில் இல்லை, கலிஃபோர்னியாவில். இப்போது மாலிபு க்ரீக் மாநிலப் பூங்காவின் அலுவலகமாக இருக்கிறது. கதையில் வீடு கட்டி நொந்தார்கள், நிஜத்தில் செட்டுக்காகப் போட்ட வீடு நிலைத்துவிட்டது!

படத்தின் கடைசியில் அந்தக் கிணறு தோண்டுகிறவர் திரும்பி வருகிறார். எல்லோரும் மறுபடி பில் என்று பயந்து நிற்கிறார்கள். கணக்குப் பார்த்ததில் உங்களுக்கு 12 டாலர் 36 சென்ட் தரவேண்டியிருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை ஒரு மாதிரி ஆகிவிடும், ஏன் என்று தெரியவில்லை. எங்கள் மேஸ்திரி வேலை முடிந்த பிறகு ஒருநாள் வந்து, மிச்சம் கிடந்த ஒரு கைப்பிடி அளவு ஆணியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பொட்டலம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

உன் பிளானில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், சமையலறை ஜன்னலை மேற்கே வைத்திருக்கிறாய், மே மாதம் தங்கச்சி உன்னைச் சும்மா விடாது. மற்றதை நேரில் பேசலாம், ஆடி கழிந்ததும் வருகிறேன். மேஸ்திரி என்ன கேட்டாலும் 'அது என்ன மேஸ்திரி, கொஞ்சம் சொல்லுங்க' என்று முதலில் கேள், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். போர் எத்தனை அடி போகிறது என்று அன்றன்றைக்குச் செய்தி அனுப்பு. கடைக்கால் வெட்டும்போது தண்ணீர் வந்தால் மட்டும் ராத்திரியானாலும் போன் பண்ணு, சிரிக்காமல் எடுக்கிறேன்.

உன்,
ராகவன்