மில் சங்கு ஓய்ந்த பிறகு

புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறைக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும்,

வணக்கம். நான் முதலியார்பேட்டைக்காரன். அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அது ரோடியர் மில்தான்.

அப்பா வீட்டில் சத்தம் போட்டுத்தான் பேசுவார். 'தண்ணி கொண்டா' என்பதே அதட்டல் மாதிரி இருக்கும். கோபக்காரர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போனவன், தறிக் கூடத்தின் வாசல்வரை போய்விட்டேன். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காத இரைச்சல். உள்ளே எல்லோரும் கையாலும் உதட்டாலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் புருவத்தில் வெள்ளையாகப் பஞ்சு. அதற்கப்புறம் அவர் அதட்டினால் எனக்குப் பயம் வந்ததில்லை.

அப்போது எங்கள் பக்கம் கடிகாரம் பார்க்கிறவர்கள் குறைவு. மில்லின் ஷிப்ட் சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார்கள். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்களும் 'பையன் பெர்மனென்டா, பதிலியா (ஆள் வராத நாளில் மட்டும் வேலையா)?' என்றுதான் முதலில் விசாரித்தார்கள்.

இந்த ஊரின் மில் கதை 1820களின் கடைசியில் சவானா மில்லோடு தொடங்குகிறது. அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். துணியே காசாகப் புழங்கியது. ரோடியர் 1898இல் வந்தது. கெப்ளே மில் பிறகு பாரதி மில் ஆயிற்று, சவானா சுதேசி ஆயிற்று.

1936 ஜூலை 30 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வருஷா வருஷம் மாலை போடுகிறீர்கள். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே 8 மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று இன்றும் மார்தட்டிக்கொள்கிறோம். சரி, அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டால் எங்கே கூட்டிப்போவது? ரயிலில் வருகிறவர்கள் சுப்பையா சாலையில்தான் இறங்குகிறார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயர்தான் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நேரே கடற்கரைக்குப் போய், மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். துரைமார் குடியிருந்த வீடுகளுக்கு வருஷம் தவறாமல் வண்ணம் அடிக்க நமக்குக் காசு இருக்கிறது.

எங்கள் ரோடியர் மில் எப்படிப் படுத்தது என்பது பெரிய ரகசியமில்லை. பழைய தறிகள், விசைத்தறியோடு போட்டி, ஏறிக்கொண்டே போன நஷ்டம். 1986இல் அரசு கைக்கு வந்தபோது எங்கள் தெருவில் நிம்மதிப் பெருமூச்சு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அப்புறம் லே ஆஃப் என்று வேலை கொடுக்காமல் உட்கார வைத்தது, பாதிச் சம்பளம், டீக்கடையில் காத்திருப்பு. 2020 ஏப்ரல் 30, ஊரடங்கு நேரம், மில்லை மூடிவிட்டார்கள். வாசலில் கூடி நின்று அழக்கூட முடியவில்லை.

மில்லைத் திரும்ப ஓட்டுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. மில் திடலில் பொருட்காட்சி நடத்துங்கள். பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது அங்கே பேருந்துகளை நிறுத்தியதும் நல்லதுதான். ஆனால் அந்த நிலத்தில் நாளைக்கு எது வந்தாலும், ஒரு ஷெட்டை மட்டும் இடிக்காமல் விடுங்கள். அதில் நாலு தறி, வருகைப் பதிவேடுகள், அந்தச் சங்கு. பதிவேடுகளைக் கரையான் தின்பதற்குள் எடுத்துவிடுங்கள். தறி ஓட்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஒரு ஆளை அனுப்புங்கள். சத்தமாகத்தான் பேசுவார்கள், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சங்கை ஜூலை 30 அன்று ஒரு தடவையாவது ஊதலாம். ஏ.எஃப்.டி. கேட் தாண்டி எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.

இப்படிக்கு,
முதலியார்பேட்டை மில் தொழிலாளி மகன்