எடை குறைப்பு ஆபரேஷன் பண்ற டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்: தமிழ்ல ஒரு தாள் எழுதிக் குடுங்க

வணக்கம்.

தமிழ்நாட்டுல எடை குறைய வயித்தைச் சின்னதாக்கற கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் பண்ற டாக்டர்கள், ஆஸ்பத்திரி நிர்வாகங்கள், மேல இருந்து பாத்துக்கற மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம், எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். போன வாரம் எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இந்த ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்து ஃபைலை காட்டுனா. பேக்கேஜ் எவ்ளோ, எந்த ரூம், இன்சூரன்ஸுக்கு என்னென்ன பேப்பர், எல்லாம் இருக்கு. ஆயுசு முழுக்க வைட்டமின் மாத்திரை போடணும்னு ஒரு வரி இல்ல. வாயாலயும் யாரும் சொல்லல. அதைப் பாத்த பிறகு சும்மா இருக்க முடியல.

எங்க அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாத்தான் நடந்துச்சு. சர்க்கரை சீக்கிரமே இறங்குச்சு, மாத்திரை குறைஞ்சுது, அதை நான் மறுக்கல. ஒரு மாசம் தாண்டுனதும் வாந்தி ஆரம்பிச்சுது. கஞ்சி குடிச்சா வாந்தி, மோர் குடிச்சா வாந்தி, கடைசியில பச்சத்தண்ணி கூட உள்ள நிக்கல. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணா கோஆர்டினேட்டர் எடுத்து, அவசரமா சாப்ட்டிருப்பாங்க, மெதுவா சாப்பிட சொல்லுங்கன்னு வச்சிட்டாங்க. சரின்னு ஊர்லயே ஒரு நர்சிங் ஹோமுக்கு கூட்டிட்டுப் போனோம், நீர்ச்சத்து குறைஞ்சிருக்குன்னு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துனாங்க. அவங்கள நான் குறை சொல்லல, வயித்துல ஆபரேஷன் ஆனவங்கன்னு சொன்னோம், எங்க கையில இருந்த இங்கிலீஷ் டிஸ்சார்ஜ் சம்மரியில மல்டிவைட்டமின் தொடரவும்னு மட்டும்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில அக்காவுக்கு ரெண்டு கண்ணும் நிலைக்காம பக்கவாட்டுல ஆடுது. எதிர்ல நிக்கற நான் ரெண்டு பேரா தெரியுறேங்குது. பாத்ரூம் போக எந்திரிச்சா சுவத்தைப் புடிக்காம நிக்க முடியல, பெத்த பொண்ணை வேற பேர் சொல்லி கூப்புடுது. பெரியாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். அங்க ட்யூட்டியில இருந்த டாக்டரம்மா என்ன ஆபரேஷன், எத்தனை நாளா வாந்தின்னு கேட்டாங்க, உடனே தயமின் ஊசி போடச் சொன்னாங்க. பி1 வைட்டமின். உடம்புல அது சில வாரத்துக்குத்தான் இருப்பு இருக்குமாம், விடாம வாந்தி எடுத்தா தீர்ந்துடும், அந்த நேரத்துல தயமின் குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மிச்சம் மீதியும் செலவாகி மூளை பாதிக்கும்னு அவங்கதான் எங்களுக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. அப்புறம் எண்டோஸ்கோப்பி பண்ணா, ஆபரேஷன்ல வயித்துலருந்து பிரிச்ச சின்னப் பையும் குடலும் சேர்ற இடம் சுருங்கிக் கெடக்கு. பலூன் வச்சு விரிச்சுவிட்டதும் வாந்தி நின்னுச்சு. கண்ணு சரியாச்சு, பேச்சு சரியாச்சு. நடை இன்னும் முழுசா திரும்பல. தையல் மெஷின் மிதிச்சு குடும்பம் பாத்த மனுஷி, இப்ப மாடிப்படி இறங்கணும்னா பக்கத்துல ஆள் வேணும்.

இது எதுவும் உங்களுக்குத் தெரியாதது இல்லயே. தெரிஞ்சவங்க நீங்க, தெரியாதவங்க நாங்க. அதைத்தான் தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுங்கன்னு கேக்கறோம்.

வயித்தை முட்டை அளவுக்கு, சுமார் 30 மில்லி பையா பிரிச்சு, சிறுகுடலோட முதல் பகுதியை விட்டுட்டு கீழ கொண்டுபோய் சேக்குறீங்க. இரும்பும் கால்சியமும் முக்கியமா உடம்புல சேர்றதே அந்த முதல் பகுதியிலதான். பி12 சேரவும் பழைய வயிறு வேலை செய்யணும். அப்போ மாத்திரையும் வருஷா வருஷம் ரத்த டெஸ்டும் உடம்பு இளைச்சதும் நிறுத்திடற விஷயம் இல்ல, சாகற வரைக்கும். அந்த செலவு பேக்கேஜ்ல வராது, அதையாவது முன்கூட்டி சொல்லலாம்ல? எங்க ஊர்ல மூட்டு வலின்னா மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடறவங்கதான் பாதி பேர், பைபாஸ் ஆனவங்களுக்கு அது அந்த இணைப்புல புண்ணை உண்டாக்கும்னு யார் சொல்றது? பாயசம், ஜூஸ் குடிச்ச கொஞ்ச நேரத்துல படபடன்னு வேர்த்து மயக்கம் வந்தா அது சர்க்கரை வேகமா குடலுக்குள்ள எறங்குறதுனாலன்னு தெரியாம பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கப் போறவங்க இருக்காங்க. கல்யாணமான பொண்ணுங்ககிட்ட ஆபரேஷன் முடிஞ்சு 12லருந்து 18 மாசமாவது கர்ப்பம் வேண்டாம்னு சொல்லணும், மாமியாரையும் பக்கத்துல வச்சுதான் சொல்லணும். வருஷங்கள் கழிச்சு திடீர்னு கடுமையா வயித்து வலி வந்தா கேஸ் ட்ரபுள்னு விடக்கூடாது, குடல் உள்ளுக்குள்ளயே சிக்கியிருக்கலாம், உடனே ஓடணும்.

இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்த தம்பி பிஎம்ஐ (உயரத்தோட ஒப்பிட்டுப் பாக்கற எடைக் கணக்கு) 40, இல்லன்னா 35க்கு மேல இருந்து கட்டுப்படாத சர்க்கரை மாதிரி பெரிய வியாதி இருந்தாத்தான் க்ளெய்ம் கிடைக்கும்னு தமிழ்ல பொறுமையா, ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தாரு. பணம் வர்ற விஷயத்தை இவ்ளோ தெளிவா சொல்ல ஆள் வைக்க முடியுது, உசிரு விஷயத்துக்கு முடியலன்னா எங்களுக்கு ஆத்திரம் வராதா? சம்மதப் பேப்பர் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வருது, இங்கிலீஷ்ல வருது, எங்க அத்தான் எங்க காட்டுனாங்களோ அங்கெல்லாம் கையெழுத்து போட்டாரு. ஊர் பூரா பேனர்ல குண்டா இருந்த ஃபோட்டோவும் ஒல்லியான ஃபோட்டோவும் பக்கத்துல பக்கத்துல போடறீங்க, தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டுறதையும் காலையில எண்ணி எண்ணி போடற மாத்திரையையும் அதுல காணோம்.

கோவத்துல வார்த்தை கூடியிருந்தா பொறுத்துக்கோங்க. கேக்கறது சின்ன விஷயம்தான். அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி குடும்பத்தை உக்கார வச்சு, இதெல்லாம் எழுதுன தாளை தமிழ்ல படிச்சுக் காட்டிக் குடுங்க. கூடவே பர்ஸ்ல வைக்கற மாதிரி ஒரு அட்டை: என்ன ஆபரேஷன், என்னைக்கு, வாந்தி நிக்கலன்னா குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின், எந்தெந்த வலி மாத்திரை கூடாது, ராத்திரியிலயும் டாக்டர் எடுக்கற ஒரு நம்பர். அதை எந்த ஊர் நர்சிங் ஹோம் டாக்டரும் படிச்சுப்பாரு. இயக்குநரகத்துல இருக்கறவங்க, லைசென்ஸ் புதுப்பிக்கறப்ப இந்த தாளும் அட்டையும் இருக்கான்னு பாக்கணும்னு ஒரு உத்தரவு போட்டீங்கன்னா எல்லா ஆஸ்பத்திரியும் செஞ்சிடும்.

எங்க சொந்தக்காரப் பொண்ணுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். அதுக்குள்ள செய்வீங்கன்னு நம்பி, தாழ்மையோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு பேஷண்டோட தம்பி
திண்டுக்கல்