மாத்திரையை ‘ஈட்’ பண்ணாதே

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலருக்கு,

அண்ணன் எழுதுவது. நான் இங்கே நலம். அம்மா, அப்பா, சின்னம்மா வீட்டில் எல்லோரும் நலம்தானே?

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். தினமும் இருபது இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் பண்ணுகிறாய், ஆனால் பேச வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம்கூட வரவில்லை என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாய். இதற்குப் போனில் பதில் சொன்னால் ‘சரிண்ணா, சரிண்ணா’ என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இண்டர்வியூ முடியும் வரைக்கும் இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

முதல் வேலையாக அந்தப் பட்டியலை மூடி வை. தனித்தனியாக மனப்பாடம் பண்ணிய வார்த்தை ஒற்றை மாடு மாதிரி. எவ்வளவு நல்ல மாடாக இருந்தாலும் ஜோடி இல்லாமல் இரட்டை மாட்டு வண்டியில் பூட்ட முடியாது. உனக்கு வார்த்தை போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. எந்த வார்த்தையோடு எது சேரும் என்பதுதான் உனக்குப் பிடிபடவில்லை. புதிது புதிதாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு, தெரிந்ததற்கு ஜோடி தேடு.

எங்கள் சைட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன். இப்போது தெங்கா பக்கம் அடுக்குமாடி வீடு கட்டுகிற இடத்தில் வேலை. சீனர், மலாய்க்காரர், வங்காளதேசத்துக்காரர், நம்மூர்க்காரர் எல்லோரும் கலந்துதான் இருக்கிறோம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் கேட்பது, ‘மெடிசின் ஈட் ஆல்ரெடி?’ இதைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், சிரிக்க ஒன்றுமே இல்லை. நாம் மாத்திரை ‘சாப்பிடுகிறோம்’. சீனரும் அவர்கள் மொழியில் மருந்தைச் சாப்பிடத்தான் செய்கிறார்கள். மலாயில் ‘மாக்கான் உபாட்’. மாக்கான் என்றால் சாப்பிடுவது. வங்காளதேசத்துக்காரரும் அப்படித்தான், அவர்கள் தண்ணீரையும் சிகரெட்டையும்கூட ‘சாப்பிடுகிற’ ஆட்கள். ஆக நாலு மொழிக்காரரும் மருந்தைச் சாப்பிடுகிறோம், இங்கிலீஷ்காரன் மட்டும் ‘டேக்’ பண்ணுகிறான். டேக் மெடிசின். ஏன் என்று இலக்கணப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இது ஏதோ இங்கிலீஷுக்கு மட்டும் உள்ள கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடாதே. எட்டாவதில் வினைமரபும் ஒலிமரபும் படித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சுவர் எழுப்பு, கூடை முடை, பூப் பறி, முறுக்குத் தின், பால் பருகு. யானை கத்தியது என்று எழுதினால் மார்க் போச்சு; பிளிறியது என்றுதான் எழுத வேண்டும். குயில் கூவும், மயில் அகவும். அதே சமாச்சாரம்தான் இங்கேயும். வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொள். வெயில் அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது, விசில் அடிக்கிறான், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறான், பரீட்சையில் காப்பி அடிக்கிறான். இதில் யார் யாரை அடித்தது? ஒரு வெள்ளைக்காரன் ‘அடி’ என்பதற்கு ஒரே ஓர் அர்த்தத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தால் என்ன பாடு படுவான் என்று நினைத்துப் பார். நமக்கு ‘அடி’, ‘போடு’ என்றால் அவர்களுக்கு மேக், டூ, டேக், ஹேவ், கெட், கிவ். சின்னச் சின்ன வார்த்தைகள்தான். நாள் முழுக்கப் பேச்சை ஓட்டுவதும் அவைதான், நம்மைக் காலை வாரிவிடுவதும் அவைதான்.

மேக்குக்கும் டூவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். புதிதாக ஒன்று உண்டானால் மேக், ஒரு வேலையைச் செய்து முடித்தால் டூ என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த விதி பாதி தூரம்தான் கூட வரும். மேக் டீ, டூ ஹோம்வொர்க், இரண்டும் சரியாக இருக்கிறது. ஆனால் மேக் எ மிஸ்டேக், மேக் எ ஃபோன் கால், டூ பிசினஸ், டூ மீ எ ஃபேவர் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்? அதனால் விதியைப் பிடித்துத் தொங்காதே. ‘மிஸ்டேக்’ என்று நோட்டில் எழுதும்போதே முன்னால் ‘மேக் எ’ என்று சேர்த்து எழுதிவிடு. எப்போதாவது நம் தமிழே கை கொடுக்கும். ‘பே’ என்றால் பணம் கட்டுவது என்று உனக்குத் தெரியும். ‘பே அட்டென்ஷன்’ விசித்திரமாகப் படும். ஆனால் நாமும் கட்டணத்தைச் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம். பேப்பரில் ‘கனமழை’ என்று போடுகிறானே, அதுவும் அப்படியே ‘ஹெவி ரெயின்’. காற்றுக்கு மட்டும் ஹெவி ஆகாது, ஸ்ட்ராங் விண்ட். டீயும் ஸ்ட்ராங் டீதான். காரை, இன்ஜினை பவர்ஃபுல் என்பார்கள், டீயை அப்படிச் சொன்னால் புரியும், ஆனால் யாரும் சொல்வதில்லை. ஃபாஸ்ட் ஃபுட் உண்டு, குவிக் ஃபுட் இல்லை. குவிக் லஞ்ச் உண்டு.

டீ என்றதும் இங்கத்துக் காப்பிக்கடை ஞாபகம் வருகிறது. இங்கே ‘கோப்பித்தியாம்’ என்பார்கள். ஸ்ட்ராங் டீ வேண்டும் என்றால் ‘தே காவ்’. பால் இல்லாமல், சர்க்கரையும் இல்லாமல் என்றால் ‘தே ஓ கோசோங்’. ஐஸ் போட்டது என்றால் கடைசியில் ‘பெங்’. மலாயும் சீனமும் கலந்த பேச்சு. ‘தே ஓ கோசோங் பெங்’ என்று எல்லோரும் சொல்கிற வரிசையில் சொல்லிவிட்டால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டுத் தருவார். வரிசையை மாற்றிச் சொன்னாலும் டீ கிடைத்துவிடும், ஆனால் ஒரு பார்வை பார்ப்பார்.

சிங்கப்பூர்ப் பேச்சைப் பற்றியும் கேட்டாயே. நான் வாயைத் திறந்தால் இங்கத்து ஆட்கள் மாதிரி வாக்கியத்தின் கடைசியில் ‘லா’ போடுகிறேன் என்று நம்ம ஊர்ப் பசங்க கிண்டல் பண்ணுகிறார்களாம். பண்ணட்டும். இங்கே மலாய், மாண்டரின், தமிழ், இங்கிலீஷ் நாலும் ஆட்சிமொழி. இத்தனை பேரும் ஒன்றாக வேலை பார்க்கிற இடத்தில் இங்கிலீஷ் தன் பாட்டுக்கு ஒரு வளைவு வளைந்திருக்கிறது. ‘ஆன் த லைட்’, ‘ஆஃப் த ஃபேன்’ என்பார்கள். புத்தக இங்கிலீஷில் ‘டர்ன் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வர வேண்டும். உடம்புக்கு முடியாமல் டாக்டர் சீட்டோடு லீவு போட்டால் ‘டேக் எம்சி’. எங்கள் சூப்பர்வைசர் சீனர். நம்மாட்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். ‘தம்பி, திஸ் ஒன் கேன், தட் ஒன் கேனாட்’ என்பார். அதில் ஒரு நாள் வேலையே ஓடிவிடும். அரசாங்கம் 2000-இல் நல்ல இங்கிலீஷ் பேசுங்கள் என்று ஓர் இயக்கமே ஆரம்பித்தது. ஆனாலும் காப்பிக்கடைப் பேச்சு அசையவில்லை. எனக்கு இந்தப் பேச்சின் மேல் வருத்தம் எதுவும் இல்லை. முப்பது மாடிக்கு மேலே சாரத்தில் நிற்கிறவனுக்கு ‘கேனாட்!’ என்ற ஒரு சத்தம் போதும், முழு வாக்கியம் வேண்டியதில்லை. உன் இண்டர்வியூவுக்கு மட்டும் இது உதவாது.

உதவக்கூடியது எங்கள் சைட்டுக் காகிதங்களில் வருகிற இங்கிலீஷ். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். அன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப அதே ஜோடிகள்தான் வரும். வேர் யுவர் ஹார்னெஸ், அதாவது பாதுகாப்புப் பெல்ட்டைப் போடு. அப்ளை ஃபார் எ பெர்மிட். கேரி அவுட் அன் இன்ஸ்பெக்ஷன். ரிப்போர்ட் எ நியர் மிஸ், அதாவது நூலிழையில் தப்பிய விபத்தைச் சொல். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் ஸ்டாப் வொர்க், டேக் ஷெல்ட்டர். இங்கே இடியும் மின்னலும் ரொம்ப அதிகம், மதியத்தில் திடீரென்று வானம் இருட்டிவிடும். அடிபட்ட ரிப்போர்ட்டில் ‘பேட்லி இன்ஜர்ட்’, ‘ஸ்லைட்லி இன்ஜர்ட்’ என்று எழுதுவார்கள். என்னோடு வேலை பார்க்கும் ரியாஸ் பாய் பத்தாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆனால் அவர் எழுதுகிற ரிப்போர்ட்டில் ஒரு பிழை இருக்காது. ஜோடி ஜோடியாகவே காதில் வாங்கி, ஜோடி ஜோடியாகவே கையால் எழுதுகிறார். டிகிரி முடித்த பையன்கள் அவரிடம் கேட்டு எழுதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மாட்கள் கூடுகிற லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய் ஊருக்குப் பணம் போட்டுவிட்டு, சில சமயம் விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போவேன். உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது, ஏசி சும்மா கிடைக்கிறது. அங்கேதான் வார்த்தைகள் இப்படி ஜோடி சேர்வதற்கு ‘கொலொகேஷன்’ என்று பெயர் இருப்பதைப் படித்தேன். ஹரோல்டு பாமர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தபோது, 1933-லேயே இந்த ஜோடிகளைத் திரட்டி அறிக்கை போட்டிருக்கிறார். ஃபெர்த் என்று இன்னொருவர், லாகூரில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்தவர். ஒரு வார்த்தை யாரோடு சேர்கிறது என்பதை வைத்துத்தான் அதை அறிய முடியும் என்று 1957-இல் எழுதினார். இரண்டு பேருமே நம்ம மாதிரி ஆசியாக்காரர்களுக்கு நடுவில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்ததும் கோடிக்கணக்கான வார்த்தைகளை உள்ளே போட்டு, எது எதோடு வருகிறது என்று எண்ணவே ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கென்றே தனி அகராதி இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டு 2002-இல் ஒன்று வெளியிட்டது. உன் காலேஜ் லைப்ரரியில் கேட்டுப் பார். அதில் அர்த்தம் தேடாதே. ‘ஜாப்’ என்று பார்த்தால் அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன வரும் என்று வரிசையாக இருக்கும்.

நோட்டுப் போடுவது இப்படி. ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல். ‘ப்ராமிஸ்’ என்றால் மேக், கீப், பிரேக். நாம் வாக்குக் கொடுக்கிறோம், காப்பாற்றுகிறோம், மீறுகிறோம், அதே மூன்றும் அங்கே இப்படி வருகிறது. ‘மணி’ என்றால் ஏர்ன், சேவ், ஸ்பெண்ட், வேஸ்ட், பாரோ, லெண்ட். கடன் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். அப்பாவுக்கு லெண்ட் மட்டும்தான் தெரியும், திரும்பி வந்ததே இல்லை. ‘ஜாப்’ என்றால் லுக் ஃபார், அப்ளை ஃபார், கெட், லூஸ். அந்த ‘ஃபார்’ ரொம்ப முக்கியம், விட்டுவிடாதே. மேரீட் ‘டு’, நம் ‘ஓடு’வை நினைத்து ‘வித்’ போடாதே. குட் ‘அட்’, அஃப்ரெய்ட் ‘ஆஃப்’, டிபெண்ட் ‘ஆன்’. டிஸ்கஸ் வந்தால் ‘அபவுட்’ வேண்டாம்.

நீ எழுதி அனுப்பிய சுய அறிமுகத்தைப் பார்த்தேன். ‘மைசெல்ஃப் மலர்’ என்பதை எடுத்துவிடு, ‘ஐயம் மலர்’ போதும். ‘ஐயம் ஹேவிங் ஒன் பிரதர்’ வேண்டாம், ‘ஐ ஹேவ்’. ‘ஐ பாஸ்ட் அவுட்’ என்று எழுதியிருக்கிறாய். நம்ம ஊரில் அது காலேஜ் முடித்தது. வெளியில் அது மயக்கம் போட்டு விழுந்தது. சேலத்துப் பையன் ஒருத்தன் இங்கே இண்டர்வியூவில் அப்படிச் சொன்னதும், எதிரில் இருந்த அம்மா பதறிப்போய் ‘இப்போது உடம்பு பரவாயில்லையா?’ என்று கேட்டாராம். ‘ஐ கிராஜுவேட்டட்’ என்று சொல். ‘வெரி இன்டரஸ்ட்டட் இன்’ என்று எழுதியது சரி, அப்படியே இருக்கட்டும்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் புதுக்கோட்டையிலேயே தேதி வாங்கிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பணம் அப்பா கணக்கில் போட்டிருக்கிறேன், வந்ததும் ஒரு மெசேஜ் போடு. அந்த அறிமுகத்தைத் திருத்தி எழுதி, பார்க்காமல் பேசி, வாய்ஸில் அனுப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்