அப்பா கட்டிய கல்வீடு

கிருஷ்ணகிரி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

"நம்ம பக்கம் இப்போதான் நில அதிர்வெல்லாம் வருது, முன்னே கிடையாதே" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1984 மார்ச்சில் ஓசூர்ப் பக்கம் அதிர்ந்ததே, மறந்துவிட்டாயா? ரிக்டர் அளவில் நான்கரையை ஒட்டியது. அதற்கும் முன்னால், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் வந்தது ஏறக்குறைய 6. ஒன்றரைதானே வித்தியாசம் என்று நினைக்காதே. ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு. ஒன்றரைக்கு ஏறத்தாழ 180 மடங்கு ஆகிவிடும்.

இப்போது சின்ன அதிர்வைக்கூடக் கருவி பிடித்துவிடுகிறது, அடுத்த நிமிடம் செல்போனில் செய்தி. அந்தக் காலத்தில் சுவர் விழுந்தால்தான் யாராவது எழுதிவைப்பார்கள். நம் தருமபுரிப் பக்கத்து நடுகற்களையே பார். மாடு மீட்டுச் செத்தவன் பேர் இருக்கும். பாத்திரம் உருண்ட ராத்திரியை யார் கல்லில் வெட்டுவார்கள்? அதனால் பழைய பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் வைத்து எண்ணினால் கணக்கு தப்பாகத்தான் வரும். பெரியதைப் பெரியதோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், பட்டியலில் இல்லை என்பதை நம்பியும் இருக்க முடியாது. மகாராஷ்டிரத்தில் கில்லாரி என்ற ஊர் அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் 6.2 வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் போனார்கள். பெரும்பாலும் அவர்களைக் கொன்றது மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்.

அதைப் படித்ததிலிருந்து உன் அப்பா கட்டிய வீடுதான் கண்ணில் நிற்கிறது. அதுவும் மண்சாந்துதானே. போன தடவை வந்தபோது திண்ணை மூலையில் விரலை வைத்தேன், சாந்து மாவாக உதிர்ந்தது. அதன் மேல் மாடி எடுக்கப்போகிறேன் என்கிறாய். வேண்டாம்டா. முதலில் ஒரு நல்ல இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டு. கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் நாலு சுவரையும் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் போட முடியுமா என்று கேள். அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன். அதுவரை கம்பி, சிமெண்ட் எதுவும் இறக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்