ஊதுபத்தி வாசனைக்கே தலைசுற்றுகிறவர் வந்தால்

சேலம்

கண்ணு,

ஏற்காட்டில் நீ பார்க்கும் அந்த அம்மாவைப் பற்றி நேற்று போனில் கேட்டாயே, அவசரத்தில் பாதிதான் சொன்னேன். ஊதுபத்தி, பினாயில், பெயின்ட், பெட்ரோல் என்று எந்த வாடை பட்டாலும் தலைவலி, படபடப்பு, மூச்சுமுட்டல். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடாதே. அவர் படும் அவதி நிஜம். முதல் நாளே பல இரசாயன உணர்திறன் (சிறிதளவு வாடைக்கே பல உறுப்புகளில் தொல்லை வரும் நிலை) என்று சீட்டில் எழுதிவிடவும் வேண்டாம்.

அதற்கென்று 1999-இல் வகுத்த ஆறு அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேள். தொல்லை நாள்பட்டதா? அதே பொருள் பட்டால் திரும்ப வருகிறதா? மற்றவர்களை ஒன்றும் செய்யாத சிறு அளவுக்கே வருகிறதா? விலகினால் குறைகிறதா? ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களுக்கும் வருகிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு மண்டலங்களில் தெரிகிறதா? இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பெரிய அலர்ஜி பேனல் (பல பொருள்களுக்கான ஒவ்வாமைச் சோதனைத் தொகுப்பு) எழுதி அவர்கள் பணத்தைக் கரைக்காதே.

மருந்துக்கு அடங்கும் வேறு நோய் உள்ளே ஒளிந்திருக்கலாம், அதைத்தான் முதலில் தேட வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை எடு, இன்ஹேலருக்குப் பின் எஃப்இவி1 (முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் யோசி. கொலுசுப் பட்டறையில் ஆசிட் ஆவியோடு வேலை செய்கிறவர் என்றால் ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுத்தனுப்பு. தினம் நான்கு வேளை, வேளைக்கு மூன்று ஊது, அதில் பெரிய எண்ணைக் குறிக்கட்டும். லீவு நாளிலும் குறிக்கச் சொல், அதை ஒப்பிட்டால்தான் வேலையிடம் காரணமா என்று தெரியும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து கழிவறை கழுவி, குளோரின் புகையை மொத்தமாக இழுத்தவருக்கு 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் இரைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். அது வேறு நோய்.

உங்கள் மலைக்குளிரில் ஒன்றை மறக்காதே. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டி, வீட்டில் எல்லோருக்கும் தலைவலி என்றால் அது கார்பன் மோனாக்சைடு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் ரத்த ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டி ஏமாற்றும். காப்பித் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவருக்கு அந்த விஷம் ஏறியிருக்கலாம்; கண்மணி சுருக்கம், வியர்வை, எச்சில் பார். அது முடக்கும் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியின் ரத்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதனால் தெளிப்பு இல்லாத காலத்திலும் ஒருமுறை எடுத்து ஒப்பிடு.

இவை எதுவும் இல்லை என்றால் இரண்டு வாரம் நோட்டு எழுதட்டும்: நேரம், வாடை, இடம், தொல்லை, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின இரவுத் தூக்கம். கொசுவர்த்தி, ரூம் ஸ்பிரே இரண்டையும் நிறுத்தச் சொல். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதை நம்பிப் பெயின்ட் அடிக்கும் வீட்டுக்குள் போய்விடப் போகிறார். வாடை தெரியாதபடி மறைத்துச் செய்த சோதனைகளில் பலரால் இரசாயனத்தையும் வெறுங்காற்றையும் பிரித்தறிய முடியவில்லை. அதனால் நடிப்பு என்று ஆகிவிடாது, எதிர்பார்த்த பயமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஆகவே வீட்டுக்குள் அடைந்து கிடக்க விடாதே. ஒவ்வொரு இடமாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் திண்ணை கூட மிஞ்சாது. லேசான வாடையில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்கு, மனநல ஆலோசகரையும் சேர்த்துக்கொள். மருந்து தேவைப்பட்டால் ஒவ்வொன்றாக, குறைந்த அளவில்.

தொல்லை வந்தால் வாருங்கள் என்று சொல்லாமல், மாதம் ஒரு நாள் குறித்துக் கொடு. அன்று காலை பினாயில் போட்டுத் துடைக்க வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவை, முதல் டோக்கனை அவருக்கு வை.

அப்பா