மலருக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விடவில்லை. பின்பக்கச் செம்பனைக் காட்டுத் தண்ணீர் முற்றம்வரை வந்துவிட்டது. வெறுங்காலோடு சேற்றில் இறங்காதே என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசருக்குப் பாதியாவது புரிந்தது. மெலியோய்டோசிஸ் நோயைக் கொடுக்கும் கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் சாதுவாகக் கிடக்கிறது. மனித செல்லுக்குள் நுழைந்ததும், அங்கே நிறைய இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளைக் கிருமியின் சவ்விலுள்ள விர்-ஏ புரதம் கண்டுகொள்கிறது. அது விர்-ஜி என்ற இன்னொரு புரதத்தைத் தூண்ட, அதுவரை அடங்கியிருந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்ட பிறகே கத்தியை எடுக்கும் ஆள் மாதிரி. அப்புறம் பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று இணைத்து, வெளியே தலைகாட்டாமலே பரவுகிறதாமே. கெட்டிக்காரக் கிருமி!

1912-இல் ரங்கூனில் டாக்டர் விட்மோரோடு சேர்ந்து இதைப் பற்றி எழுதியவர் ஒரு கிருஷ்ணசாமி. 1921-இல் நோய்க்குப் பேர் வைத்தவர்கள் நம் கோலாலம்பூரிலிருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும். இப்போது அதே கிருமியை ஆராய்வது நம் வீட்டுப் பெண். காப்பிக்கடையில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. "மகள் போன் பண்ணுதா?" என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுகிறேன்.

கையுறை போடுகிறாய்தானே? அந்தக் கிருமி யாரைச் சுலபமாகச் சாய்க்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெரியப்பாவின் கடைசி மழைக்காலத்தைப் பார்த்தவள் நீ. தீபாவளிக்கு வந்தபோது அதிரசத்தை நீ தொடவேயில்லை. இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாய். பயணக் களைப்பு என்றாள் அம்மா. இருக்கும் என்றேன். தம்பியைக் கேட்டால் "அக்காவையே கேளுங்கப்பா" என்கிறான்.

உன் பேராசிரியர் தங்கமானவர் என்றாயே, அவரிடம் உடம்பைப் பற்றி எல்லாம் சொல்லியிருப்பாய்தானே? சொன்னால் அந்த அறைக்குள் விடமாட்டார்கள் என்று மறைத்துவிடாதேம்மா. படிப்பு ஒரு வருஷம் தள்ளினால் தள்ளட்டும். ஆபத்தில்லாத கிருமி ஒன்றைக் கொடுக்கச் சொல். அதுவரை கையுறையைக் கழற்றாதே, முகக்கவசத்தையும்.

இந்த வாரம் வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்து, வரும் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. வேறு எதுவும் எழுதவேண்டாம். அம்மாவிடம் காட்டமாட்டேன்.

அப்பா