சாட்சிக் கையெழுத்து

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் கவிதாவும் குட்டிப்பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துத்தான் கொள்ள வேண்டும், மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. கவிதா பேசுகிறாள், குழந்தையைக் காட்டுகிறாள், "அவர் வெளியே போயிருக்கிறார் அத்தை" என்கிறாள். பின்னால் நீ இருமுவது கேட்கிறது. உன் இருமல் எனக்குத் தெரியாதா?

இருமலோடு விடியற்காலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகாதே. போனால் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு போ. தெரு முனை வரைதானே என்று கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகாதே.

அக்காவிடம் நான் சொல்லி அனுப்பியதுதான் உனக்குக் கோபம். சிங்கப்பூரில் நிரந்தரவாசம் கிடைத்ததும் உனக்கு அந்த ஊர் உறுப்பு தானச் சட்டத்தைப் பற்றிக் கடிதம் வந்ததாமே, அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "மறுப்புப் படிவம் என்று ஒன்று இருக்குமாம், அதை நிரப்பி அனுப்பிவிடச் சொல்" என்று அவளிடம் சொன்னேன். அவள் அப்படியே ஒப்பித்துவிட்டாள். "அப்பாவுக்குச் செய்தது போதாதாமா?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாயாம். பெற்றவளிடம் நேரில் கேட்டிருக்கலாம். அக்காள் என்ன தபால்காரியா? ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. மூன்று வாரமாக அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

அதற்கிடையில் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு பயந்தது என் தப்பு. 1987-இல் வந்தபோது விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். 2004-இல் கல்லீரல், இதயம், கருவிழி சேர்ந்தன, எப்படி இறந்தாலும் என்று ஆனது. முஸ்லிம்களை முதலில் விலக்கி வைத்திருந்தார்கள், 2008-இல் அவர்களும் உள்ளே வந்தார்கள். 21 வயது ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுத்து எழுதிக் கொடுக்காவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மறுத்தவருக்குப் பின்னால் ஒரு நாள் சிறுநீரகம் தேவைப்பட்டால், மறுக்காதவருக்குப் பிறகுதான் அவருடைய முறை வரும். முதலில் படித்தபோது இதென்ன சீட்டுக் கம்பெனிக் கணக்கு என்று கோபம் வந்தது. யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கொடுக்க மனமில்லாதவன் வாங்க மட்டும் முந்திக்கொள்வது நம் ஊர் மொய் நோட்டில்கூட நடக்காது.

இங்கேயும் அப்படிச் சட்டம் போட்டுவிட வேண்டும் என்று எதிர்வீட்டு வாத்தியார் சொல்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னை வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்றே சொன்னார்களே, கடனுக்காக ஏழைகள் சிறுநீரகத்தை விற்று விற்று வந்த பெயர் அது. 1994-இல் அந்த வியாபாரத்தைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. பயம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பேச்சுக் கொடுத்துப் பார், ஆஸ்பத்திரியில் ஆளைச் சாகவிட்டு உறுப்பை எடுத்துவிடுவார்கள் என்பாள். அப்படிப் பயந்து கிடக்கிறவர்களிடம் போய்க் கட்டாயம் என்று சொன்னால், அடிபட்டுக் கிடக்கிறவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவே தயங்குவார்கள். ஸ்பெயினில் 1979 முதல் உங்கள் ஊரைப் போன்ற சட்டம்தான். அங்கேகூட வீட்டாரிடம் உட்கார்ந்து பேசிக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்களாம்.

ஆகவே விருப்பம்தான் சரி என்று முடித்துவிடலாம். என்னால் முடிக்க முடியவில்லை, கதிர். யாருடைய விருப்பம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பையனின் இதயத்தைக் கொண்டுபோகப் போலீஸார் சென்னைச் சாலைகளில் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். அப்பா பேப்பரை மடிக்காமல் அன்று முழுவதும் கையில் வைத்திருந்தார். நீ அப்போது பிளஸ் டூ. சாப்பிடும்போது உன்னிடம்தான் சொன்னார், "வீட்டை இடிக்கிறார்கள் என்றால் நல்ல மீட்டரைக் கழற்றி இன்னொரு வீட்டில் மாட்டுவோமா, செங்கல்லோடு சேர்த்துப் புதைப்போமா?" என்று. மின்வாரியத்துக்காரர் வேறெப்படிச் சொல்வார். ஓ நெகட்டிவ் ரத்தம் என்று எத்தனை ராத்திரி பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து எழுப்பியிருக்கிறார்கள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அடுத்த மாதமே படிவம் நிரப்பி அட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அட்டை கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பெரியப்பாதான் "முழு உடம்பாகப் போகட்டும்" என்று பிடிவாதம் பிடித்தார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் சொன்னேன். இரண்டும் பொய்.

2022 ஜூன், அந்த வியாழக்கிழமை ராத்திரி அப்பாவின் பர்ஸையும் வாட்சையும் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். அட்டை பர்ஸிலேயே இருந்தது. பஸ் பாஸுக்குப் பின்னால், ஓரம் வளைந்து. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

சனிக்கிழமை காலை இரண்டாவது பரிசோதனையும் முடிந்தது. நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. மூச்சுக் கருவியை எடுத்துப் பார்த்தார்களாம், தானாக ஒரு மூச்சுக்கூட வரவில்லையாம். மூளைச்சாவு என்று சொன்னார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள், அக்கா வயதுதான் இருக்கும். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை பேசாமல் இருந்தாள். அவசரப்படுத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "இதைப் பற்றி அவர் எப்போதாவது உங்களிடம் சொல்லியிருக்கிறாரா அம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

கைப்பை என் மடியில் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கிக்கொள்ள நாளாயிற்று. உள்ளே போய் அவர் காலைத் தொட்டேன். சூடாக இருந்தது, கதிர். மார்பு ஏறி இறங்கியது. கட்டைவிரல் நகத்தில் அந்த வாரம் வாசல் கதவுக்கு அடித்த பச்சை பெயிண்ட் காயாதது போல ஒட்டியிருந்தது. மார்பை ஏற்றி இறக்குவது கருவி ஊதுகிற காற்று என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பிள்ளைகளுக்கு எத்தனை படம் போட்டுப் பாடம் சொல்லியிருக்கிறேன், எனக்கு அந்தப் படம் ஏறவில்லை. சூடாக இருக்கிறவரை அறுக்க விடுவதா? கண்ணைக் கொடுத்தவர்கள் அடுத்த பிறவியில் கண்ணில்லாமல் பிறப்பார்கள் என்று என் பாட்டி சொன்னது அந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்து நின்றது. வகுப்பில் யாராவது பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன்.

பெரியப்பா அன்று சாயங்காலம்தான் அறந்தாங்கியிலிருந்து வந்து சேர்ந்தார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

இதைவிடக் கீழான ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதயமும் நின்றுவிட்டது. கண்களை இறந்து ஆறு மணி நேரம் வரை எடுக்கலாம், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், இரண்டு பேருக்குப் பார்வை வரும். போன் நம்பர் அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்து எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு சில்லிட்டுவிட்டது, இனிச் சூட்டைக் காரணம் சொல்ல முடியாது. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. நாலு அடித்ததும், அப்பாடா, இனி யாரும் கேட்க முடியாது என்று எனக்கு மூச்சு வந்தது. ஊரே என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. நான் நாலு மணிக்காகக் காத்திருந்தேன்.

நீ ராத்திரி விமானத்தில் திருச்சி வந்து இறங்கி, அப்பா முகத்தைப் பார்த்த பிறகு கேட்ட முதல் கேள்வி, "கண்ணையாவது கொடுத்தீர்களா?" பெரியப்பா பெயரைச் சொன்னேன். அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார், அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். மறுக்கவில்லை. அவர் மகள் ஆனந்தி கல்யாணத்துக்கு நீ வராதபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வருடமாக என் பொய்யைத் தன் தோளில் சுமக்கிறார் அந்த மனிதர். நீ அவருக்குப் போன் செய்ய வேண்டும், கதிர். இதைப் படித்து முடித்ததும் செய். என்னிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போன வருடம் கீரமங்கலம் பக்கத்தில் ஒரு சாவுக்குப் போனேன். என்னிடம் படித்த பெண், அவளுடைய மூத்த பையன், பைக் விபத்து. உறுப்புகளைக் கொடுத்திருந்தாள். 2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தாரே, உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று, அதன்படி அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைத்து நின்றார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண், எட்டாம் வகுப்போடு நின்றவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டார்கள் டீச்சர், கொடுத்துவிட்டேன். சரிதானே டீச்சர்?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வேன்? தலையை ஆட்டினேன். அவளுக்கு அட்டையும் கிடையாது, அவள் பிள்ளை ஒன்றும் எழுதி வைக்கவும் இல்லை. எனக்கு எல்லாம் எழுதியே கொடுத்திருந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். அரசாங்கம் கட்டாயப்படுத்தி எடுக்கக் கூடாது. ஆனால் ஒருவர் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனால், பெண்டாட்டியோ பிள்ளையோ அண்ணனோ அதை அழிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் வந்த அந்தப் பெண் என்னிடம் கேள்வி எதுவும் கேட்காமல், "அவர் கொடுத்திருக்கிறார், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். ஆனாலும் அப்பா சொன்னது நடந்திருக்கும். நம் ஊர் நடைமுறையில் வீட்டார் கையெழுத்து இல்லாமல் எடுப்பதில்லை. அது வீட்டாருக்குச் செய்கிற மரியாதை என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் அவருக்கு என்ன செய்தேன் பார்.

உன் படிவத்தைப் பற்றி நான் சொல்லி அனுப்பியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அனுப்பு என்றும் சொல்ல மாட்டேன், அனுப்பாதே என்றும் சொல்ல மாட்டேன். நூறு வயது இருக்கப்போகிறவன் நீ, உன்னிடம் இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் எதுவானாலும் கவிதாவிடம் உன் வாயால் சொல். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிடாதே. அவள் ஒரு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவையாக அதைக் கேட்கக் கூடாது. சொல்லிவிடு. ஹெல்மெட்டும் போட்டுக்கொள். அப்பாவின் ஹெல்மெட் இன்னும் பரணில்தான் இருக்கிறது, ஒரு கீறல் கிடையாது, கைப்பிடியில் மாட்டியிருந்தது அப்படியே வந்தது.

அட்டையை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். பின்பக்கம் பார். சாட்சி என்று இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று அவருடைய சிநேகிதர் தங்கராசு. இன்னொன்று யார் கையெழுத்து என்று உனக்குச் சொல்ல வேண்டாம். உன் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் பன்னிரண்டு வருடம் பார்த்ததுதான்.

நானும் ஒரு படிவம் வாங்கி நிரப்பிவிட்டேன். ஒரு சாட்சியாக எதிர்வீட்டு வாத்தியார் போட்டுவிட்டார். இன்னொருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். அக்காவைக் கேட்டால் அழுகிறாள், போட மாட்டேன் என்கிறாள். அவள் என் மகள்தான், என்னைப் போலவே நாலு மணி வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ அப்பா பிள்ளை. தபாலில் அனுப்பினால் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாய், தெரியும். அதனால் அனுப்பவில்லை. பொங்கலுக்கு வா.

இப்படிக்கு,
அம்மா